கரிசல் மண்ணில் ஓர் ஊழியரின் ஏழு நாள்

தமிழ் பயிலும் மாணவராகிய யாம் கால்டுவெல் ஐயரையும், போப்பையரையும், வீரமாமுனிவரையும் அவர்தம் நூல்களின் வாயிலாகவே அறிவோம். 1856-இல் ஒப்பிலக்கணம் வெளிவந்தது என்றும், 1886-இல் திருக்குறள் ஆங்கிலத்தில் வந்தது என்றும், 1732-இல் சதுரகராதி தொகுக்கப்பெற்றது என்றும் தேர்வுக்கு முந்திய இரவில் உருப்போட்டு, மறுநாட் காலையில் எழுதிவிடுகின்றோம். ஆயின், அப்பெரியோர் வினாத்தாளில் இடம்பெறுவதற்கு நெடுநாள் முன்னே வெயிலில் நடந்த இளைஞராய் இருந்தனர் என்பதை யாம் எண்ணியதே இல்லை. 1838-இல் சென்னைத் துறையில் இறங்கியபோது கால்டுவெல்லுக்கு வயது 23. அடுத்த ஆண்டு வந்திறங்கிய போப்புக்கு வயது 19. எமக்கு இப்போது நிகழும் வயதும் அதுவே. பனியும் மழையும் பழகிய நாட்டிலிருந்து வந்த அவ்விளைஞர், சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையின் நடுப்பகலில் என்ன செய்திருப்பர்? எங்கே உட்கார்ந்திருப்பர்? எந்த நீரைக் குடித்திருப்பர்? இவ்வினாக்களுக்கு எம் பாடநூல்களில் விடை இல்லை. சென்ற கோடை விடுமுறையில் மல்லாங்கிணற்றில் யாம் கழித்த ஒரு வாரம் அவ்விடையை ஒருவாறு காட்டிற்று. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

மல்லாங்கிணறு எம் அன்னையார் பிறந்த ஊர். விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களோடு சேர்த்து எண்ணப்படும் வானம் பார்த்த நாட்டில் உள்ளது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு வரும் மழையை நம்பியே அந்நாட்டில் பருத்தியும், சோளமும், கம்பும், மல்லியும் விளையும். மழை பெய்தால் கரிசல் மண் காலைப் பற்றிக்கொண்டு விடாது. மழை பொய்த்தால் அதே மண் கைந்நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும். கண்மாய் உள்வாயெல்லாம் சீமைக் கருவேல மரம் அடர்ந்திருக்கும். பெயரிலே கிணறு உடைய அவ்வூரில், கோடையில் மக்கள் பேசும் பேச்சிற் பெரும்பகுதி நீரைப் பற்றியதே.

அவ்வூரையும் அடுத்த ஐந்து சிற்றூர்களையும் கண்காணிக்கும் பொறுப்பு ஓர் இளம் ஊழியரிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. அவர் எம்மினும் ஆறாண்டு மூத்தவர். நீலகிரியிற் பிறந்து, அங்கேயே வளர்ந்து, இறையியற் கல்வி முடித்து, கரிசற்காட்டிற்கு வந்து எட்டுத் திங்களே ஆயின. யாம் அவரை அண்ணன் என்று அழைத்தோம். ஊரார் பழைய வழக்கப்படி உபதேசியாரையா என்றனர். மிஷனெரி என்றவுடன் கடல் கடந்து வந்த வெள்ளையரையே எண்ணுதல் நம் வழக்கம். ஆனால், 1903-ஆம் ஆண்டிலேயே திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தமக்கென ஒரு மிஷனெரி சங்கம் கண்டு, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குத் தமிழ் ஊழியரை அனுப்பினர். குளிர்ந்த மலையிலிருந்து இவ்வெப்ப நாட்டிற்கு வந்த அண்ணனையும் அவ்வரிசையில் வைத்து எண்ணலாம் என்றே கருதுகின்றோம். சபைக் குருவானவர், “விடுமுறையில் வீட்டில் உறங்காமல் அவரோடு ஒரு வாரம் சென்று வா” என்றார். சென்றோம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று ஊர்களில் ஆராதனை நடந்தது. முதலாவது காலை ஆறரை மணிக்குத் தொடங்கிற்று. அவ்வளவு முன்னதாக ஏன் என வினவினோம். “பத்து மணிக்குமேல் இத்தகரக் கூரையின் கீழ் இருந்து பார்” என்றார் அண்ணன். மூன்றாம் ஆராதனை பத்தரைக்கு நடந்தபோது அவர் கூறியதன் உண்மை விளங்கிற்று. கைக்குழந்தைகள் அழுதன, முதியோர் விசிறிக்கொண்டிருந்தனர். அண்ணன் பத்தே நிமிடம் பேசி முடித்தார். எமக்கு அது குறையாகத் தோன்றிற்று. மூன்று ஊர்களுக்குச் சென்றும் ஒரு நற்சொற்பொழிவு கேட்கவில்லையே என்று எண்ணினோம். அவ்வெண்ணத்தை நினைத்து இப்போது நாணுகின்றோம்.

திங்கட்கிழமை ஊழியர்க்கு ஓய்வு நாள் என்று கேள்வியுற்றிருந்தோம். அன்று அண்ணன் விடியுமுன் எழுந்து, தம் குடங்களோடு அயல்வீட்டு முதியவளின் குடங்களையும் தெருக்குழாயடியில் வரிசையில் வைத்தார். நீர் வருமட்டும் நின்றார். அங்கே நின்ற பெண்டிர் அவரிடம் கூறிய செய்திகள் பல: யார் மகன் திருப்பூரிலிருந்து பணம் அனுப்பவில்லை, யார் மருமகள் பிறந்தகம் சென்றாள், எவ்வீட்டில் காய்ச்சல். திரும்பிவந்து, ஒரு கணக்குப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். சபைச் செலவுக் கணக்கு என்று கருதி யாம் அதனை நோக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான்கரை மணிக்கே புறப்பட்டோம். அந்நாட்டில் வீடு சந்திக்கச் செல்வோர்க்கு இரண்டே பொழுதுகள் உள. கருவேலம் வெட்டவும், கரிமூட்டம் போடவும் செல்வோர் விடியுமுன் சென்றுவிடுவர். மில்லுக்குச் செல்லும் பெண்களை வேன் வந்து ஏற்றிச் செல்லும். ஆகவே, ஆறு மணிக்கு முன் அல்லது இரவு ஏழு மணிக்குப் பின் சென்றால் மட்டுமே ஆட்களைக் காணலாம். இடைப்பட்ட பொழுதில் வேப்பமரமும் திண்ணையும் அன்றிப் பேசுவார் இலர்.

அன்று நடுப்பகலில் திண்ணையில் அமர்ந்திருந்தபோது அண்ணன் எமக்கு ராக்லண்டு ஐயரின் வரலாற்றைக் கூறினார். தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் 1841-இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். அங்கே கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் பெல்லோவாகவும் இருந்தவர். சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளராகச் சென்னையில் அலுவல் பார்த்தவர். அம்மேசையை விட்டெழுந்து, 1854-இல், தம்மினும் இளையோராகிய டேவிட் பென், மெடோஸ் என்னும் இருவரோடு வடதிருநெல்வேலிக்கு வந்தார். சிவகாசி வட்டாரமாகிய அப்பகுதி, இன்று எம் ஊர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்திலேயே அடங்கியது. மண்ணும் வெயிலும் ஒன்றே. அம்மூவரும் பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்துத் தங்கி, சுற்றியுள்ள ஊர்களுக்குக் காலையும் மாலையும் சென்று, அவ்வட்டம் முடிந்தபின் கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த இடத்திற்குச் செல்வர். தென்திருநெல்வேலிச் சபையார் தம் செலவிலேயே உபதேசிமாரை முறைவைத்து அனுப்பினர். ஒரு முறையினர் திரும்பும்போது மறு முறையினர் வருவர். இவ்வாறு நாலாண்டுக்கு மேல் நடந்தது. நுரையீரல் நோயுற்றிருந்த ராக்லண்டு, 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியில் இறந்தார். அவருக்கு வயது 43.

“காலையும் மாலையும் என்று எழுதிவைத்தார்களே, அதை யார் அவர்களுக்குக் கற்பித்திருப்பார் என எண்ணுகிறாய்?” என்று அண்ணன் வினவினார். யாம் விடை கூறவில்லை. “வெயில்தான் கற்பித்திருக்கும். என்னையும் அதுவே கற்பித்தது” என்றார். வந்த முதல் மாதத்தில், பகல் பதினோரு மணிக்கு ஒவ்வொரு வீடாகச் சென்று பூட்டிய கதவுகளைத் தட்டியதாகவும், எவரும் தம்மை விரும்பவில்லை என்று கருதி இரவில் அழுததாகவும் ஒளிக்காமல் உரைத்தார். பின்பு ஒரு கிழவர், “ஐயா, நீங்க வர்ற நேரத்துக்கு நாய்கூட வெளிய நிக்காது” என்று கூறியபோதே காரணம் புலப்பட்டதாம்.

புதன்கிழமை வெயில் முன்னிலும் கடுமையாயிற்று. வெப்ப நாடுகளுக்கு வந்த ஐரோப்பியர் அந்நாளில் எவற்றை அஞ்சினர் என்பது குறித்து அன்று உரையாடினோம். கதிரவன் ஒளி மண்டையோட்டை ஊடுருவி மூளையைத் தாக்கும் என அஞ்சி, நெட்டியாற் செய்த கனத்த தொப்பியை அணிந்தனர். வயிறு குளிர்ந்தால் வாந்திபேதி வரும் என அஞ்சி, இக்கொடிய வெப்பத்திலும் வயிற்றைச் சுற்றிக் கம்பளிப் பட்டை கட்டினர். மலேரியா என்னும் சொல்லே கெட்ட காற்று எனப் பொருள்படுவது. இரவுக் காற்றினால் அந்நோய் வரும் என்று நம்பினர். உண்மையில் வாந்திபேதி நீரினால் வந்தது. ராக்லண்டு கூடாரம் அடித்த அதே 1854-ஆம் ஆண்டில், லண்டனில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் ஒரு தெருக்குழாயைச் சுட்டிக்காட்டி அதனை உணர்த்த முயன்றார். அந்நோயின் கிருமியை ராபர்ட் காக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்தது 1883, 1884-ஆம் ஆண்டுகளில். மலேரியா கொசுவினாற் பரவுவதற்கான சான்றை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல். ஆகவே, அவ்விளைஞர் பலர் அஞ்சவேண்டியதை அஞ்சாமல், குடிக்கும் குவளையில் இருந்ததை அறியாமலே மாண்டனர்.

இம்மண்ணில் வாழ்வோரோ தொப்பியும் பட்டையும் இன்றி, தலையில் துண்டைச் சுற்றி, விடியலில் வேலை தொடங்கி, உச்சியில் மரத்தடியில் கிடந்து, நீராகாரமும் கம்பங்கூழும் குடித்து வாழ்ந்தனர். அவர்களும் கொள்ளைநோயில் மாண்டனர் என்பது மெய்யே. ஆயினும் வெயிலோடு வாழும் கலையை அவர்கள் அறிந்திருந்தனர். போதிக்க வந்தவர் முதலில் அவர்களிடம் பயில வேண்டியிருந்தது.

இவ்வளவும் பேசிய அண்ணனே மறுநாள் வெயிலுக்கு இரையானார். வியாழக்கிழமை ஒரு முதியவரின் ஓய்வூதியத் தாளுக்காக அலுவலகம் ஒன்றில் நெடுநேரம் நின்று, பேருந்து கிடைக்காமல் உச்சிவேளையில் இரண்டு மைல் நடந்து வந்தார். வீடு சேர்ந்ததும் தலை சுற்றி வாந்தி எடுத்தார். மருத்துவர் வந்து பார்த்து, உப்புநீர் கொடுத்து, எழுந்திருக்கலாகாது என்று கட்டளையிட்டுச் சென்றார். அன்று இரவு ஏழரை மணிக்குப் பக்கத்துச் சிற்றூரில் வீட்டுக்கூட்டம் இருந்தது. அண்ணன் எம்மை நோக்கி, “நீ சென்று சிறிது பேசி, ஜெபித்து வா” என்றார்.

எமக்குள் எழுந்த மகிழ்ச்சியை மறைப்பது நேர்மையன்று. நோயுற்றவர்பால் இரக்கம் இருந்தது. ஆயினும், பேசக் கிடைத்த வாய்ப்பு அதனினும் பெரிதாய்த் தோன்றிற்று. மாலை முழுதும் குறிப்பெழுதினோம். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடந்த நாற்பது ஆண்டினைச் சங்கப் பாடல்களிலுள்ள பாலைத் திணையோடு ஒப்பிட்டு, முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து, ஒரு சொற்பொழிவு அமைத்தோம். எம் பேராசிரியர் கேட்டால் மகிழ்வார் என்று எண்ணினோம்.

வாயிலில் எம்மை வரவேற்ற பாட்டியம்மாள், எம் கையைப் பற்றி, தம் பேரனுக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல் என்றும், அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றும் கூறினார். யாம் தலையசைத்தோம். மனமெல்லாம் குறிப்பேட்டில் இருந்தது. ஒற்றை விளக்கின் கீழ்ப் பதினைந்து பேர் அமர்ந்திருந்தனர். பெரும்பாலோர் பெண்டிர், விடியல் முதல் விறகு வெட்டியவர்கள், கைகளில் முள் கிழித்த கோடுகள். அவர்கள் முன்னே நாற்பது நிமிடம் பேசினோம். பாலை என்பது யாது என்று, பாலையிலேயே பிறந்து வளர்ந்தார்க்கு விளக்கினோம்! சிலர் உறங்கினர். ஒரு குழந்தை எழுந்து வெளியே போயிற்று. யாம் நிறுத்தவில்லை. இறுதியில், மனப்பாடமாய் வந்த ஒரு முடிவு ஜெபத்தைச் சொல்லி ஆமென் என்றோம்.

விடைபெறும்போது பாட்டியம்மாள் வாயில் வரை வந்தார். “தம்பி நல்லாப் படிச்சிருக்கீக. ரொம்பச் சந்தோசம்” என்றார். சிறிது நேரம் பேசாமல் நின்று, “என் பேரனுக்கு ஜெபம் பண்ணத்தான் மறந்துட்டீக” என்றார். அக்குரலிற் சினம் இல்லை. இருந்திருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும். இருளில் நெடுவழி நடந்து வந்தோம். எத்தனை நூற்பா நினைவில் வைத்திருந்தும், ஒரு கிழவி கூறிய ஒரு வாக்கியத்தை ஒரு மணி நேரம் நினைவில் வைக்க இயலவில்லையே என்று எம்மை யாமே நொந்தோம்.

வெள்ளிக்கிழமை விடியலில் நடந்ததை அண்ணனிடம் ஒப்புக்கொண்டோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. திங்களன்று யாம் கண்ட அக்கணக்குப் புத்தகத்தை எடுத்து எம் கையில் தந்தார். அதில் பணக்கணக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரு வீட்டின் பெயர். கீழே, யார் யார் உளர், எவர்க்கு என்ன நோய், எவர் மகன் எவ்வூரில் உள்ளான், எப்போது கூலி வரும், எவர் எவரோடு பேசுவதில்லை என்பன குறிக்கப்பட்டிருந்தன. பாட்டியம்மாளின் பக்கத்தில், “பேரன், 7 வயது, காய்ச்சல்” என்று திங்கட்கிழமைத் தேதியிட்டே எழுதியிருந்தார். “எனக்கும் நினைவு நிற்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்” என்றார்.

உடனே அவ்வூருக்கு நடந்தோம். பாட்டியம்மாள் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டு திடுக்கிட்டு, திண்ணையைத் துடைத்து அமரச் செய்தார். பேரனுக்கு இரவே காய்ச்சல் தணிந்தது என்ற செய்தி எமக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. எம் ஜெபத்திற்கு அங்கே வேலையில்லை போலும் என்று நாணினோம். ஆயினும் அவர் கண்களை மூடிக் காத்திருந்தார். பையன் பெயரைக் கேட்டறிந்து, இரண்டே வாக்கியம் ஜெபித்தோம். அவற்றில் இலக்கணப் பிழை இருந்திருக்கலாம். பின்பு அவர் ஒரு சொம்பு நீராகாரம் கொடுத்தார். வெங்காயம் கடித்துக் குடித்தோம்.

சனிக்கிழமை அண்ணன் எழுந்து நடமாடினார். மாலையில், எம் விருப்பப்படி, ஊர்ப்புறத்துக் கல்லறைத் தோட்டத்திற்கு உடன் வந்தார். எம் அன்னையாரின் பாட்டனாருடைய தந்தை அந்நாட்டில் உபதேசியாராய் இருந்தவர். அவர் அங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது குடும்பச் செய்தி. தேடினோம். கருவேல வேர் புகுந்து பிளந்த சில மேடைகளைக் கண்டோம். எழுத்து ஒன்றும் எஞ்சவில்லை. எது அவருடையது என்று அறியக்கூடவில்லை.

அவ்விடத்தில் நின்றபோது, அவ்வாரம் முழுதும் கேட்ட வரலாறு வேறு வடிவில் தோன்றிற்று. மதுரையில் 1834-இல் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமார், நோயாலும் சாவாலும் நலிந்து, 1845-இல் கோடைக்கானல் மலையில் முதன்முதல் வீடு கட்டினர். கோடைதோறும் அம்மலைக்குச் செல்லுதல் பின்வந்தோர்க்கு வழக்கமாயிற்று. அதனைக் குறை கூறோம். தம் குழந்தைகளைப் புதைத்தவர்கள் அவர்கள். ஆயினும், அவர்கள் மலையில் இருந்த அத்திங்கள்களில் இக்கரிசற்காட்டில் ஞாயிறு ஆராதனையை நடத்தியவர் யார்? வாந்திபேதி கண்ட வீட்டிற்குச் சென்றவர் யார்? உபதேசிமாரும், வேதாகமப் பெண்களும் அன்றோ! ராக்லண்டின் பெயரை நாம் அறிவோம். முறைவைத்து வந்து அவரோடு வெயிலில் நடந்த உபதேசிமாரின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவர்?

இதனை அண்ணனிடம் ஆற்றாமையோடு கூறினோம். அவர் சிறிது சிந்தித்து, “அவர்கள் பெயர் கல்லில் இல்லை. ஆனால் அவர்களும் இப்படி ஒரு புத்தகம் வைத்திருந்திருப்பார்கள். தாளில் இல்லாவிட்டால் நெஞ்சில். அதில் இந்த ஊரார் பெயரெல்லாம் இருந்திருக்கும்” என்றார். பின்பு, இருட்டுமுன் நாளைக்கு நீர் பிடிக்க வேண்டும் என்று நினைவூட்டி முன்னே நடந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி ஆராதனையில், எம்மையே விண்ணப்ப ஜெபம் ஏறெடுக்கப் பணித்தார். தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் சென்று கேட்டுக் குறித்துக்கொண்டோம். பதினொரு பெயர்கள் இருந்தன. அவற்றைப் படித்ததற்கு மேல் அதிகம் ஒன்றும் கூறவில்லை. பேரனை மடியில் வைத்திருந்த பாட்டியம்மாள், அவன் பெயர் வந்தபோது அவன் தலையில் கை வைத்தார்.

உடன் பயிலும் நண்பர்காள்! கற்ற தமிழ் வீணென்று கூற இதனை எழுதினோமில்லை. போப்பையர் தம் பத்தொன்பதாம் வயதிற் கற்கத் தொடங்கிய தமிழ், இம்மக்கள் வாயிலிருந்து கேட்டறிந்த தமிழுமாகும். அதனை மறவாதிருத்தலே எமக்கு வேண்டுவது. கல்லூரி திறந்தபின் யாமும் ஒரு கணக்குப் புத்தகம் வாங்கினோம். முதற் பக்கத்தில் மல்லாங்கிணற்றைச் சார்ந்த ஒரு சிற்றூரின் பெயரும், ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பெயரும் உள்ளன. இரண்டாம் பக்கத்தில் எம் விடுதி அறைத் தோழர் பெயர். ஈராண்டு உடன் உறைந்தும், அவர் தந்தையார் நெடுநாள் நோயுற்றிருப்பதைச் சென்ற வாரமே கேட்டு அறிந்தோம்.